புள்ளி ஒன்பது

டுலூத்தில் ஏரி உறைந்துவிட்டது.
மார்லிஸ் காங்காஸ் வீட்டு நிலவறையில்
இரண்டு திரை, ஒரு மின்கணப்பு,
கால்மாட்டில் நாய்.
இன்றைக்கு முடிக்க வேண்டிய கோப்புகள் எண்பத்திரண்டு.
நாற்பத்தோராவதில் அவர் வருகிறார்.

ஆர்ன்ஃபின் ஸ்டென்ஸ்ருட், வயது எழுபத்தொன்று,
தாதுக் கப்பலில் சமையல்காரராக இருந்தவர்.
மருத்துவர் எழுதியது நாலே வரி:
வலது நெற்றியில் நான்கு நாளாய் எரிச்சல்.
கொத்துக் கொத்தாய்க் கொப்புளம், நடுக்கோட்டைத் தாண்டவில்லை.
மூக்கு நுனியில் ஒன்று.
அக்கி. மாத்திரை ஏழு நாள்.

வெறுமனே அக்கி என்றால்
குறியீட்டுப் புத்தகம் கொண்டுபோய் நிறுத்தும் இடம்
பி சைபர் இரண்டு, புள்ளி ஒன்பது:
அக்கி, சிக்கல்கள் இல்லாதது.
சொல்லாமல் விட்டதையெல்லாம்
இல்லை என்று படிக்கிற எண்.

சின்னம்மை பி சைபர் ஒன்று.
பட்டியலில் அதற்கு அடுத்த வரிதான் இது.
ஸ்டென்ஸ்ருட்டின் உடம்பிலோ
இரண்டு வரிக்கும் நடுவே அறுபத்தைந்து வருஷம்.
பள்ளிக்கூடம், கப்பல், இரண்டு கல்யாணம்,
ஆயிரக்கணக்கான முட்டைப் பொரியல்கள்.
மண்டையோட்டின் அடியில் ஒரு நரம்பு முடிச்சுக்குள்
அத்தனையும் கேட்டபடி படுத்திருந்தது.
அவர் ஓய்ந்தார்; அது எழுந்தது.

மூக்கு நுனி.

பத்தொன்பது வருஷமாய் இதைப் படித்துத்தான் சம்பளம்.
கண்ணுக்குப் போகும் நரம்பின் ஒரு இழை
மூக்கு நுனியில் வந்து முடிகிறது,
அங்கே கொப்புளம் என்றால் உள்ளேயும் இருக்கலாம்.
மார்லிஸுக்குத் தெரியும்.
தெரிந்தது செல்லாது.
மருத்துவர் எழுதாத நோய்க்கு அவள் எண் தரக் கூடாது.
கேட்கலாம்.
கேள்வியில் விடையின் வாசனை அடிக்கக் கூடாது.

தமிழில் அக்கியை எழுதுவது என்பார்கள்,
காவியைக் குழைத்துத் தோலின் மேல்,
இதற்கு மேல் ஏறாதே என்பதுபோல.
இவள் எழுதுவதற்கு நிறமில்லை:
"மூக்கு நுனியில் கொப்புளம் பதிவாகியுள்ளது.
இதற்கு மருத்துவ முக்கியத்துவம் உண்டெனில்
தயவுசெய்து குறிப்பிடவும்."
கண் என்ற சொல்லை
இரண்டு தரம் அடித்தாள், இரண்டு தரம் அழித்தாள்.
செவ்வாய், மூன்று பத்து. அனுப்பியாயிற்று.
நிலுவை.

புள்ளி ஒன்பது அவளுக்குப் புதிதல்ல.
போன வருஷம் அவளுடைய ரசீதிலும் அதுதான்.
இடது விலாவில் ஆறு கொப்புளம், காய்ந்தன, உதிர்ந்தன.
பதினான்கு மாதமாகிறது,
இன்னும் சட்டைத் துணி உரசினால்
யாரோ தீக்குச்சி கிழிக்கிறார்கள்.
அந்த வலிக்குத் தனி எண் இருக்கிறது.
புள்ளி இரண்டு ஒன்பது, மனப்பாடம்.
மருத்துவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.
குளியலறைக் கண்ணாடி முன்
"சிக்கல்கள் இல்லாதது" என்று சொல்லி
ஒரு நாள் சிரித்தாள். அவ்வளவுதான்.

புதன்: நிலுவை.
வியாழன்: மருத்துவர் விடுப்பில்.
ராத்திரி ஏரிப் பனி விரிசல் விட்டது,
நாய் எழுந்து உட்கார்ந்தது, திரும்பப் படுத்தது.

வெள்ளிக்கிழமை கோப்பில் புதிதாய் ஒரு வரி:
நோயாளியைத் திரும்ப அழைத்தேன். கண் மருத்துவர் பார்த்தார்.
அக்கியால் கருவிழி அழற்சி. சொட்டு மருந்து தொடக்கம்.
நன்றி கின்றி ஒன்றுமில்லை.
அழைத்தது இவள் கேட்டதாலா, தானாகத் தோன்றியா,
கோப்பில் அதற்குக் கட்டமில்லை.

ஒன்பதை அழித்து மூன்று மூன்று என்று போட்டாள்.
கண் மருத்துவரின் ரசீதும் இனி போய்ச் சேரும்.
உறையைப் பிரித்து ஒற்றைக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு
ஸ்டென்ஸ்ருட் திட்டுவார்.
திட்டட்டும். படிக்க முடிகிறதே.

அடுத்த கோப்பு.
பனியில் ஓட்டை போட்டு மீன் பிடிக்கப் போனவர்,
கட்டைவிரலில் தூண்டில் முள்.
எந்த விரல், எந்தக் கை, முதல் வருகையா,
இதற்கெல்லாம் எண்ணுக்குப் பஞ்சமேயில்லை.
இடக்கையின் இரண்டு விரலால்
சட்டையை விலாவிலிருந்து தூக்கிப் பிடித்தபடி
மார்லிஸ் வலக்கையால் மட்டும்
தட்டச்சு செய்கிறாள்.